மகன்களின் அம்மா

கடந்த சில இதழ்களாக இந்தப் பத்திரிகையில் வந்த அம்மாக் கவிதைகளை எண்ண ஆரம்பித்து, கைவிரல்கள் தீர்ந்ததும் நிறுத்திவிட்டேன். மற்றச் சிறுபத்திரிகைகளையும் சேர்த்துக்கொண்டால் கால்விரல்களும் போதாது. பெரும்பாலும் ஒரே கவிதைதான். புகை மண்டிய அடுப்படி, ஊதுகுழல், ஒட்டுப்போட்ட சேலை, எல்லோரும் தின்ற பிறகு பானையைச் சுரண்டும் சத்தம், அப்புறம் வெடித்த பாதம். கவிஞன் நகரத்தில் ஒரு வாடகை அறையிலிருந்தோ அலுவலக நாற்காலியிலிருந்தோ இவற்றை நினைத்துக்கொள்கிறான். கடைசி மூன்று வரிகளில் அம்மா செத்துப்போகிறாள், அல்லது சாகாமல் திண்ணையில் உட்கார்ந்து பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆசிரியர் அதைப் பக்கத்தின் நடுவில், சுற்றிலும் நிறைய வெள்ளை விட்டு அச்சடிக்கிறார். படிக்கிற நாமும் ஒரு கணம் மௌனமாகி, அடுத்த பக்கத்துக்குப் போகிறோம்.

இந்தக் கவிதைகளில் எதிலும் ஒரு பெண்பிள்ளை கிடையாது. கவிஞனுக்கு அக்கா தங்கைகள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். பாதிப் பேரை எனக்கு நேரில் தெரியும். அவர்கள் வீடுகளில் சாப்பிட்டிருக்கிறேன், பரிமாறியது யார் என்பதும் ஞாபகம் இருக்கிறது. கவிதைக்குள் அம்மா வரும்போது மட்டும் அவர்கள் எங்கோ போய்விடுகிறார்கள். அம்மாவும் மகனும் தனியே இருக்கிறார்கள், கோயில் கர்ப்பகிரகத்தில் மாதிரி. அங்கே மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. அந்த மூன்றாவது ஆளின் கைவேலையில்தான் மகனுக்குச் சோறு வந்தது என்பது, கவிதையின் இறுக்கத்துக்குப் பொருந்தாத ஒரு தகவலாகப் போய்விட்டது.

யாரைச் சொல்கிறேன் என்று நண்பர்கள் சந்தேகப்பட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டாம். முதல் குற்றவாளி நான்தான்.

1990களின் நடுவில் ஒரு கவிதை எழுதினேன். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் நள்ளிரவு வரை பீடி சுற்றும் அம்மாவைப் பற்றி. பிரசுரமானதும் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்றில் ‘உக்கிரம்’ என்ற சொல் இருந்தது. அந்தக் காலத்தில் உக்கிரம் என்று எழுதிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. எனக்கும் தலை கொஞ்சம் கனத்தது. பத்திரிகையை ஊருக்கு எடுத்துப்போய் அக்காவிடம் கொடுத்தேன். ஏழாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டுவது போல விரலை வைத்து வாசித்தாள். வாசித்து முடித்துத் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள், ஏதோ விட்டுப்போனதைத் தேடுகிறவள் மாதிரி. அப்புறம் கேட்டாள்:

“எல தம்பி, அம்மா சுத்துனான்னு எழுதியிருக்கே. வாய் மடக்குனது யாரு?”

அவ்வளவுதான் கேட்டாள். குழம்பு கொதிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். தமிழ்க் கவிதையைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் கேட்டதில்லை. அதற்குப் பதில் எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

பீடி சுற்றுவதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன் (நம் வாசகர்களில் பலர் பீடி குடித்திருப்பார்கள், சுற்றுவதைப் பார்த்திருக்க மாட்டார்கள்). இலையை முதல் நாள் நனைத்து, ஈரத்துணியிலோ சாக்கிலோ சுற்றிவைக்க வேண்டும். பதம் முக்கியம், காய்ந்தால் ஒடியும், ஊறிவிட்டால் பூசணம் பிடிக்கும். பிறகு தகட்டை இலைமேல் வைத்து, நரம்பு பார்த்து, கத்தரியால் வெட்டவேண்டும். மடியில் சுளகு, சுளகில் வெட்டிய இலையும் தூளும் நூலும். ஒரு சிட்டிகைத் தூளை இலையில் பரப்பி, விரல்களால் உருட்டி, நூல் கட்டி, அகன்ற வாயை உள்ளே மடக்கிச் செருகவேண்டும். இந்தக் கடைசிக் காரியத்துக்குப் பெரிய தேர்ச்சி வேண்டாம். சின்ன விரல் இருந்தால் போதும், சொல்லப்போனால் சின்ன விரல்தான் அதற்குத் தோது. ஆகவே வீட்டில் எட்டு வயதுப் பெண்பிள்ளை இருந்தால் தாய் சுற்றிப் போட்டுக்கொண்டே போவாள், மகள் மடக்கிக்கொண்டே வருவாள். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. ஒரு நாளைக்கு ஆயிரம் போடவேண்டும் என்றால் சமையலும் தண்ணீர்க் குடமும் போக மிச்சமிருக்கிற பொழுது தனியாள் ஒருத்திக்குப் போதாது. இரண்டு ஜோடிக் கைகள் வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று ஜோடி இருந்தது. மூன்றாவது ஜோடி ஆண்பிள்ளையுடையது என்பதால் புத்தகம் பிடித்துக்கொண்டிருந்தது.

நெல்லைக்கு மேற்கே, ஆலங்குளம், முக்கூடல், கடையம், தென்காசி என்று எந்தப் பக்கம் போனாலும் மத்தியானத்தில் தெருவில் இந்தக் காட்சி இருந்தது. இன்றும் அடியோடு போய்விடவில்லை. வேப்பமர நிழலில் பத்துப் பெண்கள், பத்துச் சுளகுகள். பார்க்க அழகாகக்கூட இருக்கும். ஓவியர் யாராவது வரைந்திருக்கலாம். படத்தில் இருமல் கேட்காது, அவ்வளவுதான். தூள் மூக்கில் ஏறும், விரல் வழியாகத் தோலில் இறங்கும், குனிந்து குனிந்து முதுகு ஒரு வளைவில் நின்றுவிடும். புகையிலையைப் புகைக்காமலே புகையிலையால் நோயாளியாகிறவர்கள் இவர்கள்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். கவிதை பற்றிய கட்டுரையில் சட்டம் எதற்கு என்று முகம் சுளிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். சட்டமும் கவிதையும் எங்கள் வீட்டைப் பார்த்த விதம் ஒன்றேதான் என்பது என் கட்சி.

பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966ல் வந்தது. வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவளும் தொழிலாளிதான், அவளுக்கும் சேமநல நிதி உண்டு என்பது 1985ல் உச்ச நீதிமன்றம் வரை போய் உறுதியானது. நல்ல காரியம், கூட்டம் கூட்டமாகப் பெண்கள் தெருவில் இறங்கித்தான் இவையெல்லாம் நடந்தன, யாரும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கவில்லை. ஆனால் பாஸ் புத்தகம் ஒரு பெயருக்குத்தான். எங்கள் வீட்டில் அம்மா பெயருக்கு இருந்தது. அக்காவின் விரல்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. குழந்தைகளை வைத்து நடத்தக்கூடாத தொழில்களின் அட்டவணையில் பீடி தயாரிப்பு இருக்கிறது. சரி என்று சந்தோஷப்படுவதற்குள் கீழேயே ஒரு விலக்கு: வீட்டுக்காரர் தன் குடும்பத்தாரின் உதவியோடு செய்யும் இடத்துக்கு இது பொருந்தாது. குடும்பம் என்ற ஒற்றைச் சொல்லில் அக்கா காணாமல் போனாள். தாய்மடி என்றால் அங்கே சுரண்டல் இருக்க முடியாது என்று சட்டம் எழுதியவர்கள் நம்பியிருக்கிறார்கள். நம் கவிஞர்களின் நம்பிக்கையும் இதேதான். அவர்களும் இவர்களும் ஒரே பாடசாலையில் படித்தவர்கள். 2016ல் சட்டத்தைத் திருத்தி, பதினான்கு வயதுக்குக் கீழே எல்லா வேலையும் கூடாது என்றார்கள். ஆபத்தில்லாத தொழிலில், பள்ளிக்கூட நேரம் போக, குடும்பத்துக்கு ‘உதவி’ செய்யலாம் என்ற வாசகம் அதிலும் தங்கிவிட்டது.

பீடிக்கடையில் கணக்கப்பிள்ளை கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பார். வாய் சரியாக மடங்காதது, தொளதொளவென்று இருப்பது, நீளம் குறைந்தது எல்லாம் கழிவு. கழிவுக்குக் கூலி இல்லை. பீடி மட்டும் அவர்களிடமே தங்கிவிடும் என்பது வேறு. இலை குறைந்தால் கைக்காசு போட்டு வெளியில் வாங்கிச் சுற்றவேண்டும். கழிவு அதிகம் விழுந்த நாளில் அம்மா வீட்டுக்கு வரும்போதே முகம் தெரியும். அக்கா மூலையில் ஒடுங்குவாள். வாரியலாலும் அடி விழுந்திருக்கிறது. ஒரு தடவை, மடக்க வைத்திருக்கும் கம்பியால் புறங்கையில். இது என் கவிதையில் இல்லை. எப்படி இருக்கும்? சிம்னி வெளிச்சத்தில் தேவியாக உட்கார்ந்திருக்கிறவள் கம்பியை எடுப்பாளா?

எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்பதுதான் விஷயம். ஒரு தொழிற்சாலை என்றால் மேஸ்திரி வேண்டும், அவனுக்குச் சம்பளம் வேண்டும், கூரை வேண்டும், விளக்கு வேண்டும். வேலையை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் இத்தனையும் மிச்சம். கூரை தொழிலாளியுடையது, விளக்குக்கு எண்ணெய் அவளுடையது. மேஸ்திரி வேலையைத் தாய் இலவசமாகப் பார்த்தாள், தன் சொந்த மகள்மேல். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் இருந்ததில் ஒரு பங்கை அந்த ஏற்பாடு தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது. தாய்மையின் மகத்துவம் பற்றி எழுதிக்கொண்டிருந்த ஒருவன் அதே வீட்டில், அதே விளக்கில், பத்தாம் வகுப்புக் கோனார் நோட்ஸ் படித்துக்கொண்டிருந்தான்.

கல்யாணப் பேச்சிலும் பீடி உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் நிறம், நகை எல்லாம் கேட்ட பிறகு, எத்தனை போடுவாள் என்று கேட்பார்கள். ஆயிரம் போடுவாள் என்றால் மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் ஒரு தெளிவு. கைவேலை தெரிந்த பெண் மாதாமாதம் வருகிற சீதனம். அக்கா பதிமூன்று வருஷம் மடக்கியும் சுற்றியும் போட்டதெல்லாம் அம்மாவின் பாஸ் புத்தகத்தில் ஏறியிருந்தது. 1988ல் அவள் கல்யாணத்துக்கு அம்மா பி.எஃப்.பிலிருந்து முன்பணம் எடுத்தாள். ‘ராத்திரி பகலாச் சுத்தி மகளைக் கரையேத்திட்டா’ என்று ஊர் பேசியது. தன் கல்யாணத்துக்குத் தானே சம்பாதித்துவிட்டு, அதற்காக அம்மாவுக்கு ஆயுள் பூராவும் நன்றிக்கடன் பட்டவளாக அக்கா புகுந்த வீட்டுக்குப் போனாள். அங்கே போன மறுவாரம் மாமியாரின் பாஸ் புத்தகத்துக்குச் சுற்ற உட்கார்ந்தாள். பீடி மீதான தீர்வையிலிருந்து தொழிலாளர் நலத்துக்கென்று 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு செஸ் பிடித்தார்கள். பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை அந்த வகையில்தான் வந்தது. பட்டியலில் என் பெயர் இருந்தது. அதற்கு வழிசெய்த பாஸ் புத்தகத்தைப் பாதி நிரப்பியவள் பள்ளிக்கூடத்திலேயே இல்லை, பட்டியலில் எப்படி இருப்பாள்? 2017ல் ஜி.எஸ்.டி. வந்த கையோடு அந்த செஸ்ஸை எடுத்துவிட்டார்கள்.

ஒரு அவாந்தர விஷயம், ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. இந்த இலை நம் ஊரில் விளைவதில்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வருகிறது. சித்திரை வைகாசி வெயிலில், விடிவதற்கு முன்பே காட்டுக்குள் போய் ஆதிவாசிப் பெண்கள் பறிக்கிறார்கள். மத்தியானத்தில் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஐம்பது ஐம்பதாக அடுக்கி நாரால் கட்டுகிறார்கள். கட்டுவதற்கு அங்கேயும் சின்ன விரல்கள் உதவிக்கு வரும். அங்கே ஒரு தாயும் மகளும் கட்டியதை இங்கே ஒரு தாயும் மகளும் அவிழ்க்கிறார்கள். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. நடுவே ஏலம் எடுக்கிறவர்கள், லாரிக்காரர்கள், கம்பெனிக்காரர்கள், கடைசியில் பற்றவைக்கிறவர்கள் எல்லோரும் ஆண்கள். பாரத தேசத்தின் ஒருமைப்பாடு பற்றிப் பேசுகிறவர்கள் இந்த நூலையும் ஒரு தடவை பிடித்துப் பார்க்கலாம்.

இலக்கியத்துக்குத் திரும்புவோம். தமிழில் மகளின் தாய்க்குக் குரலே இருந்ததில்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பண்டிதர்கள் அடிக்க வருவார்கள், நியாயமாகவே. சங்க அகப்பாடல்களில் தாய் என்றாலே தலைவியின் தாய்தான். தலைவனுடன் மகள் போய்விட்ட பிறகு வெறும் வீட்டில் நின்று பேசும் நற்றாயும், பாலைவழியில் எதிர்ப்படுகிறவர்களிடம் விசாரித்துக்கொண்டே போகும் செவிலியும் உலகக் கவிதையில் அபூர்வமான ஜீவன்கள். பந்தும் பாவையும் கிடக்கின்றன, மகள் இல்லை. அந்த வெற்றிடத்தைத் தாயின் குரலில் எழுதத் தெரிந்திருந்தது நம் பழங்கவிகளுக்கு. மகனின் தாய் வருவது புறத்தில். அவள் பிள்ளையைப் போர்க்களத்துக்கு அனுப்புகிறாள், அவன் மார்பில் புண்பட்டு விழுந்தான் என்று கேட்டு மகிழ்கிறாள். புதுக்கவிதை தன்னை முழுக்க முழுக்க அகத்தின் வாரிசு என்று சொல்லிக்கொள்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மா விஷயத்தில் அது புறநானூற்றுத் தாயைத்தான் சுவீகாரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. போர்க்களத்துக்குப் பதில் கல்லூரி, வாளுக்குப் பதில் உத்தியோகம். மகனை வென்றுவர அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் அதே கிழவி. நற்றாயைக் கைகழுவிவிட்டோம்.

நமக்கு மட்டும் நேர்ந்த வியாதி இல்லை இது. கார்க்கியின் ‘தாய்’ ரகுநாதன் மொழிபெயர்ப்பில் எத்தனை தலைமுறைகளுக்குத் தீட்சை கொடுத்தது! அந்தப் புரட்சித் தாயும் பாவெல் என்ற மகனின் தாய்தான். மகனின் கண்வழியாகத்தான் அவளுக்கு உலகம் திறக்கிறது. பிரெக்ட் கொஞ்சம் வேறு ஆள். அவருடைய மதர் கரேஜுக்கு ஒரு மகள் இருக்கிறாள், கேத்ரின். வண்டியோடு அலைகிறாள், தாயின் வியாபாரத்துக்கு உழைக்கிறாள், கடைசியில் கூரைமேல் ஏறி முரசடித்து ஊரை எழுப்பிவிட்டுச் சுடப்பட்டுச் சாகிறாள். அவளை ஊமையாகப் படைத்திருக்கிறார் பிரெக்ட். இது அவர் குறையா, அவர் கண்டுகொண்ட உண்மையா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். உண்மை என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

நம்மில் எழுதியவர்களைச் சொல்லவேண்டும். அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ நம் சிறுபத்திரிகை மரபின் பெருமை. அதுவரை மகளுக்கு ஒளியாக இருந்த தாய், மகள் பெரியவளான நாளில் ஒரே வாக்கியத்தில் அணைந்துபோகிறாள். ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ 1966ல் அத்தனை கூச்சலைக் கிளப்பியதற்குக் காரணம், அந்தத் தாய் ஊரைக் கேட்காமல் மகள் தலையில் தண்ணீரை ஊற்றித் தீர்ப்பைத் தானே சொல்லிவிட்டதுதான். ஆனால் இந்த வீடுகளில் தாயும் மகளும் ஒரே கூலிக்காகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. அதற்கு 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இமையத்தின் ‘கோவேறு கழுதைக’ளில் ஆரோக்கியம் தன் மகள் மேரிக்கு நடந்ததை விழுங்கிக்கொள்கிறாள், ஊர்ச்சோறு நின்றுவிடும் என்ற பயத்தில் விழுங்கியது. ஒரு தாயின் மௌனத்துக்கு விலை என்ன என்று கணக்குப் பார்க்கத் துணிந்த நாவல். அதே வருஷம் பாமாவின் ‘சங்கதி’யில் பாட்டி, அம்மா, மகள் மூன்று பேரும் வாய் ஓயாமல் பேசுகிறார்கள், வைகிறார்கள், ஒருத்தியையும் விக்கிரகமாக்கவில்லை. ராஜம் கிருஷ்ணன் சிவகாசிக்குப் போய்த் தீப்பெட்டிக் குழந்தைகளைப் பார்த்து ‘கூட்டுக் குஞ்சுகள்’ எழுதினார். ‘தகவல் சேகரம், கலையாகவில்லை’ என்று உதடு பிதுக்கியவர்களில் நானும் ஒருவன். கலையாகவில்லை என்பதில் இன்றும் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. ஆனால் அவர் போனார். நான் அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தும் பார்க்கவில்லை. இதில் யாருக்கு உதடு பிதுக்குவது?

ஒரு பக்கம் இப்படித் தேவியாக்கிக்கொண்டிருந்தபோதே இன்னொரு பக்கம் அதே கிராமத்துத் தாயைக் கொலைகாரியாக்கவும் நமக்குத் தெரிந்தது. 1986ல் ஒரு ஆங்கில மாதமிருமுறைப் பத்திரிகை உசிலம்பட்டிப் பெண்சிசுக் கொலைகளை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. அதன்பின் நிருபர்களும் காமிராக்களும் அந்தத் தாலுகாவுக்குள் பாய்ந்தன. கள்ளிப்பால் என்ற சொல்லே தமிழ் மத்தியதர வர்க்கத்துக்கு ஒரு திகில் சுவையைக் கொடுத்தது. 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கியது. 1994ல் ‘கருத்தம்மா’ படம் வந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தோம். போலீஸ் வழக்குப் போட்ட இடங்களில் பிடித்துப்போனது பெரும்பாலும் தாயை, இல்லாவிட்டால் பாட்டியை. வரதட்சணையை நிர்ணயித்தவன், நிலத்தை மகனுக்கு எழுதிவைத்தவன், இரண்டாவதும் பெண்ணென்றால் வீட்டுக்கு வராதே என்று பிரசவத்துக்கு அனுப்பியவன், இவர்கள் யாரும் சிசுவைத் தொடவில்லையே! சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்டவர்களில் 1000 ஆண்பிள்ளைகளுக்குப் பெண்பிள்ளைகள் 1991ல் 849; தொட்டில் வைத்து ஒன்பது வருஷம் கழித்து, 2001ல் 851. பிறகு 2011ல் 900ஐத் தாண்டியது. அதற்குள் வேறு மாவட்டங்களில் எண்ணிக்கை சரிந்திருந்தது. கள்ளிச்செடியின் இடத்துக்கு ஸ்கேன் மெஷின் வந்துவிட்டதென்று 1994லேயே சட்டம் போட வேண்டியிருந்தது. அந்த மெஷினை அழுத்துகிறவர் படித்தவர், அவரைப் பற்றித் திகில் கட்டுரை எழுதுவது அவ்வளவு சுலபமில்லை.

தேவி, கொலைகாரி என்ற இரண்டு பிம்பங்களுக்கும் ஒரு பொதுக் குணம் இருக்கிறது. இரண்டிலும் தாய் தன்னந்தனி. அவளைச் சுற்றிக் கடன் இல்லை, கூலி இல்லை, புருஷன் இல்லை, பாஸ் புத்தகம் இல்லை. இரண்டிலும் மகள் பேசுவதில்லை. ஒன்றில் அவள் இல்லவே இல்லை, மற்றதில் பிறந்ததும் செத்துவிடுகிறாள்.

எனக்கு வரப்போகும் கடிதங்கள் தெரியும். ‘கவிதை என்பது கூலிப் பட்டியல் அல்ல’ என்று ஒன்று வரும். ஒப்புக்கொள்கிறேன். ஆயிரத்துக்கு எவ்வளவு என்று கவிதையில் எழுதச் சொல்லவில்லை. அடையில் இருந்த மூன்று பேரில் ஒருத்தியைக் காணாமலடித்துவிட்டு மிச்ச இருவரையும் சரியாகப் பார்த்திருக்க முடியாது என்கிறேன். இது சித்தாந்தக் கோளாறு இல்லை, பார்வைக் கோளாறு. நவீன கவிதை வேறு எதைப் பீற்றிக்கொண்டாலும் சொரணையுள்ள பார்வையைத்தானே முதலில் பீற்றிக்கொள்கிறது? அந்தத் தராசில்தான் என் கவிதையும் உங்களுடையவையும் நிறை குறைகின்றன. அம்மாவின் முகத்தில் விழுந்த சிம்னி வெளிச்சம் எனக்கு ஞாபகமிருந்தது, அக்காவின் புறங்கைத் தழும்பு ஞாபகமில்லை என்றால், வெளிச்சம் விழுந்ததை நான் பார்க்கவில்லை, வேறு யாரோ எழுதிய கவிதையிலிருந்து எடுத்திருக்கிறேன்.

முற்போக்கு நண்பர்கள் கைதட்ட வேண்டாம். அவர்களிடம் கொடுத்தால் கடைசிப் பாராவில் அக்கா சுளகை எறிந்துவிட்டுக் கொடி பிடிப்பாள். கொடி பிடித்த பெண்கள் உண்டு, மேலே சொன்னேன். அக்கா பிடிக்கவில்லை. ஊர்வலம் போன நாளில் வீட்டில் தம்பிக்குச் சோறு வடிக்க ஆள் வேண்டியிருந்தது. தொண்டு நிறுவனத்துச் சுவரொட்டிகளைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அவற்றில் தாயும் மகளும் சிரிக்கிறார்கள், மகள் கையில் சிலேட்டு, தாய் தலையில் முக்காடு, அந்த முக்காடு எந்த ஜில்லா வழக்கம் என்று வரைந்தவருக்கும் தெரியாது.

பாலைக்கு மகள் போவது நின்றுவிடவில்லை. 2000களில் தென் மாவட்டக் கிராமங்களுக்கு மில் வேன்கள் வந்தன. மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்றார்கள். சுமங்கலித் திட்டம் என்று பெயர் வேறு. தாலியைப் பிணையாக வைத்துக் கூலியை நிறுத்திவைக்கும் ஒரு ஏற்பாட்டுக்கு இதைவிட வக்கிரமான பெயர் கிடைக்காது. கோவை, ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்குப் பதினாறு பதினேழு வயதில் போனார்கள். இடையில் திரும்பிவிட்டால் தொகை இல்லை. வேன் கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். பயமும், ஒரு பிள்ளைக்கு வழி பிறந்தது என்ற நிம்மதியும், தரகரிடம் முன்பணம் வாங்கியதன் கூச்சமும் ஒரே முகத்தில். நற்றாய் அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவளை எழுத ஒருவனும் வரவில்லை. அந்தச் சமயத்தில் நாங்கள் செத்துப்போன எங்கள் அம்மாக்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தோம்.

அக்காவை மறுபடி கேட்டேன், அம்மா மேல் கோபம் உண்டா என்று. அம்மா போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட பிறகு கேட்டது. மன்னித்துவிட்டேன் என்பாள், இல்லை என்பாள், எதுவானாலும் எனக்கு எழுத ஒன்று கிடைக்கும் என்ற அற்பமான எதிர்பார்ப்பும் இருந்தது, மறைப்பதில் பிரயோசனமில்லை. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மா தனக்குப் பேன் பார்க்கும்போது பாடும் பாட்டைச் சொன்னாள், முழுதும் ஞாபகமில்லை என்றாள். தூள் ஏறிய விரலைக் கழுவாமல் சோறு பிசைந்து ஊட்டுவாள், ஒரு கசப்பு இருக்கும், இப்போதும் சில நாள் நாக்கில் வரும் என்றாள். அப்புறம், நான் கேட்டதற்குப் பதிலாக இல்லாமல், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி: “அவளுக்கு வேற வழி இல்ல. எனக்கும் இல்ல. உனக்கு இருந்துச்சு.”

அக்காவுக்கு ஒரு மகள். பீடியைத் தொட விடவில்லை. நர்ஸிங் முடித்து வெளியூரில் இருக்கிறாள். அக்கா அவளிடம் சள்ளென்று விழுவதையும் அந்தப் பெண் பதிலுக்குப் போனை வைத்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் இரண்டு பேர் சமாச்சாரம். எழுதவேண்டுமென்றால் அந்தப் பெண் எழுதட்டும்.

கடைசியாக ஆசிரியருக்கு. அடுத்த இதழுக்கென்று நான் ஒரு கவிதை அனுப்பியிருந்தேன். தலைப்பிலேயே அம்மா இருக்கிறாள். ஊதுகுழலும் இருக்கிறது. அச்சுக்குப் போகாமல் இருந்தால் அதைத் திருப்பி அனுப்பிவிடவும். தபால்தலை இத்துடன் வைத்திருக்கிறேன். பக்கம் காலியாகிறதே என்று கவலை வேண்டாம். சந்தா தீர்ந்துபோனவர்களின் ஜாபிதா எப்படியும் நீளமாக இருக்கும், அதைப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம். அதில் என் பெயரும் இருந்தால் பணத்தை அடுத்த வாரம் அனுப்பிவிடுகிறேன்.